சர்ஜன்மார் சங்கத்தில் மிக்கேலம்மாள்

தங்கச்சிமடத்து மிக்கேலம்மாளுக்கு அந்த வீக்கம் முதலில் வந்தபோது கொண்டைக்கடலை அளவுதான் இருந்தது. வலது கீழ்த்தாடையில், கடைவாய்ப் பல்லுக்கு அடியில். அழுத்தினால் வலிக்கவில்லை. மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டே நாக்கால் அதைத் துழாவிப் பார்ப்பாள். பல்தான் ஏதோ கோணலாக முளைக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது.

எட்டு வருஷத்தில் கடலை தேங்காய்ச் சிரட்டையாகிவிட்டது. வலது காதடியில் தொடங்கி மோவாயைச் சுற்றி இடது பக்கமும் ஏறிக்கொண்டது. கீழ் உதடு வெளியே பிதுங்கி, பற்கள் ஆளுக்கொரு திசை பார்த்தன. பேச்சு குழறியது. பாம்பன் சந்தையில் அவள் கூடையை இறக்கினால், வாங்க வருகிறவர்கள் மீனைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கூடைக்கு நகர்ந்தார்கள். அதோடு சந்தைக்குப் போவதை விட்டாள். சேலை முந்தானையை மூக்குவரை இழுத்துச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் கருவாடு காயப்போடுவதோடு நிறுத்திக்கொண்டாள். சோறு தின்பதைப் புருஷன் சூசைமுத்துகூடப் பார்க்கக் கூடாது என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்பாள்.

செய்யாத வைத்தியமில்லை. பச்சிலை அரைத்துக் கட்டியாயிற்று. ஓரியூர் அருளானந்தர் கோவிலுக்கு நடந்தே போய், அந்த ஊர்ச் செம்மண்ணைக் கொண்டுவந்து நாற்பது நாள் பூசியாயிற்று. கடைசிப் பிள்ளை லீமாரோசுக்கு நாலு வயது. அம்மாவின் முகமே அதுதான் என்று நினைத்து வளர்ந்த பிள்ளை. தூங்கும்போது அந்த வீக்கத்தைக் கையால் அணைத்துக்கொண்டுதான் தூங்கும்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆவணியில் ஒரு நாள், கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது கீழ்ப்பல் ஒன்று தானாகக் கழன்று கும்பாவில் விழுந்தது. கூடவே ரத்தம். எவ்வளவு துணி வைத்தும் நிற்கவில்லை. சூசைமுத்து அன்றைக்கு மீன்பிடிக்க வத்தையைக் கடலில் தள்ளவில்லை. பிள்ளைகளைக் கொழுந்தியாள் ஜெபமாலையிடம் விட்டுவிட்டு, பாம்பன் ஸ்டேஷனில் ரயில் ஏற்றி அவளை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

அங்கே சர்ஜனாக இருந்தவர் டாக்டர் தவசி. முதுகுளத்தூர்ப் பக்கம் விவசாயம் செய்கிற ஒரு சம்சாரி வீட்டுப் பிள்ளை. சென்னையில் படித்துவிட்டு, சொந்தச் சீமைக்கே வேலை கேட்டு வந்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும். ரத்தத்தை நிறுத்தினார். எக்ஸ்ரே எடுத்து, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் சோப்பு நுரை மாதிரி குமிழ் குமிழாக இருந்தது.

"என்னாங்கய்யா, புத்தா?" என்று சூசைமுத்து கேட்டான்.

"புத்து மாதிரித் தெரியல. ஆனா நல்லதுன்னும் சொல்ல முடியாது. எலும்பைத் தின்னுக்கிட்டே வளருது. எடுக்கணும்."

"எடுத்திருங்க."

டாக்டர் நாற்காலியை இழுத்து மிக்கேலம்மாளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "இந்தா பாரும்மா, ஒளிக்காமச் சொல்றேன். இத நான் புத்தகத்துல படிச்சிருக்கேன். அறுத்ததில்ல. அறுக்கும்போது பார்த்ததும் இல்ல. மெட்ராசுக்கு எழுதித் தாரேன், போறியா?"

மிக்கேலம்மாள் தலையை ஆட்டினாள். சென்னை என்றால் அவளுக்குச் சிலோனைவிடத் தூரம். சிலோனிலாவது தாய்மாமன் வீடு இருந்தது. "மாட்டேன். செத்தா இங்கனயே சாகுறேன்."

டாக்டர் வற்புறுத்தவில்லை. "அப்ப எனக்கு ரெண்டு மாசம் டைம் குடு. எங்க சங்கத்துக்கு எழுதிப் பாக்குறேன்."

சூசைமுத்துவுக்குச் சங்கம் என்றால் தெரியும். மண்டபத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஒன்று இருந்தது. "சர்ஜனுகளுக்கும் சங்கமா? யாருகிட்ட கூலி ஒசத்திக் கேக்க?"

டாக்டர் தவசி சிரித்துவிட்டார். "கூலிக்கு இல்லய்யா. இந்தியா பூராவும் கத்தி பிடிக்கிறவங்க சேர்ந்து வச்சிருக்கிறது. ஒருத்தனுக்குத் தெரியாதத இன்னொருத்தன்கிட்ட கேக்கலாம். போன வருஷந்தான் நானும் சேர்ந்தேன். இங்கன இருந்துக்கிட்டு நான் யாருகிட்டப் போய்க் கேக்க? இந்த ஜில்லாவுலயே பக்கத்துல ஆளில்ல."

எழுதினார். எக்ஸ்ரே படத்தையும் வைத்து அனுப்பினார். ஐப்பசி மழை முடிகிற சமயத்தில், பங்குச் சாமியார் வீட்டு விலாசத்துக்கு டாக்டர் தவசியின் கார்டு ஒன்று வந்தது. சாமியாரே படித்துச் சொன்னார். மார்கழியில் மதுரையில் சங்கத்தின் மாகாணக் கூட்டம் நடக்கிறது. நானும் வருகிறேன். மிக்கேலம்மாளைக் கூட்டத்தில் எல்லோரும் பார்க்க வேண்டும், மறக்காமல் வரச்சொல்லுங்கள், என்று எழுதியிருந்தது.

"எல்லாரும்னா?" என்று கேட்டாள் மிக்கேலம்மாள்.

"டாக்டர்கள்தானேம்மா," என்றார் சாமியார்.

எத்தனை டாக்டர்கள் என்று அவருக்கும் தெரியவில்லை.

மதுரையில் ஒரு பெரிய கட்டடத்து வராந்தாவில் பெஞ்சு போட்டு அவளை உட்காரவைத்தார்கள். அவளைப் போலவே கூட்டிவரப்பட்டிருந்த நோயாளிகள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவருக்குக் கழுத்தில் கட்டி, ஒருவருக்குக் கால், ஒருவருக்கு வயிறு. ஆளுக்கொரு நம்பர்ச் சீட்டு கையில் இருந்தது. கோட்டும் டையுமாக ஆட்கள் குறுக்கும் நெடுக்கும் போனார்கள். டாக்டர் பையன் ஒருவன் வந்து, அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் முந்தானையைப் பிடித்து விலக்கி, குனிந்து பார்த்து, நோட்டில் ஏதோ எழுதினான். சூசைமுத்து எழுந்துவிட்டான். "ஏலே, யாரு பொண்டாட்டி சேலைய யாரு பிடிக்கிறது?" அந்தப் பையன் முகம் செத்துப்போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடினான்.

பிறகு உள்ளே கூப்பிட்டார்கள்.

மிக்கேலம்மாள் அத்தனை பேரை ஒரே கூரைக்குக் கீழே பார்த்தது கோவில் திருவிழாவில்தான். இருநூறு பேருக்குக் குறையாது. படிப்படியாக ஏறிப்போகிற பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவளை நடுவில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். டாக்டர் தவசி அவள் பக்கத்தில் நின்று ஒரு தாளைப் பார்த்து இங்கிலீஷில் படித்தார். நடுவில் படித்த இடத்தைத் தவறவிட்டு, விரலால் தேடினார். அவர் பயப்படுகிறார் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வெளிச்சப் பெட்டியில் அவளுடைய தாடை எலும்பு படமாகத் தொங்கியது. "முந்தானைய எடும்மா," என்று டாக்டர் தணிந்த குரலில் சொன்னார். எடுத்தாள்.

எட்டு வருஷமாகப் புருஷனுக்குக்கூட முழுசாகக் காட்டாத முகம்.

முன்வரிசையில் நரைத்த தலை ஒருவர் எழுந்து ஏதோ சொன்னார். இன்னொரு பக்கத்திலிருந்து வழுக்கைத் தலை ஒருவர் எழுந்து மறுத்தார். அவர் கையை வீசினார், இவர் மேஜையைத் தட்டினார். நடுவில் யாரோ ஒரு வார்த்தை சொல்ல, மண்டபமே கொல்லென்று சிரித்தது.

மிக்கேலம்மாள் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டு, வந்த வழியே வெளியே நடந்தாள்.

டாக்டர் தவசி பின்னாலேயே ஓடிவந்தார். அவள் வராந்தாவின் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்னய வேடிக்க காட்டவா கூட்டியாந்தீக? சொல்லியிருந்தா எங்க ஊருலயே நின்னிருப்பேன்ல? அங்கன சிரிக்க ஆளா இல்ல?"

கையில் தாளோடு அப்படியே நின்றார். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். பருத்திப் புடவை, கண்ணாடி, நாற்பது வயது. கொஞ்சமும் யோசிக்காமல் மிக்கேலம்மாளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"எம் பேரு ராமலெட்சுமி. நானும் டாக்டர்தான். அறுக்கிறவ இல்ல. அறுக்கும்போது மயக்கம் குடுக்கிறவ." தலையால் மண்டபத்தைக் காட்டினாள். "உங்களப் பாத்துச் சிரிக்கலம்மா. உள்ள சண்டை போட்டாங்கள்ல ரெண்டு பெரியவங்க, அவங்க போன வருஷக் கூட்டத்துலயும் இதே மாதிரி ஒரு வீக்கத்துக்குத்தான் சண்டை போட்டாங்க. ஒருத்தர் சுரண்டி எடுத்தாப் போதும்பார். இன்னொருத்தர் எலும்பையே வெட்டி எடுக்கணும்பார். 'இவங்க சண்டை தீர்றதுக்குள்ள வீக்கம் தானா வத்திரும்'னு யாரோ சொன்னாங்க. அதுக்குத்தான் சிரிப்பு. இருந்தாலும் தப்புதான். நீங்க நடுவுல உக்காந்திருக்கும்போது சிரிச்சிருக்கக் கூடாது."

மிக்கேலம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எது சரி? சுரண்டுறதா, வெட்டுறதா?" என்று கேட்டாள்.

"அதைத்தான் உள்ள பேசிக்கிட்டிருக்காங்க."

"என் தாடையப் பத்தி எனக்குத் தெரியாத பாசையில பேசுனா?"

ராமலெட்சுமி டாக்டர் தவசியை நிமிர்ந்து பார்த்தாள். அவர் மடமடவென்று உள்ளே போனார். திரும்பி வர ஐந்து நிமிஷம் ஆயிற்று. கூடவே சங்கத்தின் தலைவரும் வந்தார். கோவைப் பக்கத்துக்காரர், ஆள் பருமன். மிக்கேலம்மாளைப் பார்த்துக் கை கூப்பினார். "உள்ள வாங்கம்மா. இனிமே தமிழ்லயே பேசுறோம். தமிழ் தெரியாதவங்க பேசுறத இவர் உங்களுக்குச் சொல்லுவார். நீங்களும் எது வேணும்னாலும் கேக்கலாம்."

அவள் சூசைமுத்துவைப் பார்த்தாள். "நானும் கூட வாரேன், வா," என்றான் அவன்.

இந்த முறை ஸ்டூல் வேண்டாம் என்று தலைவர் தன் நாற்காலியையே கொடுத்தார். சூசைமுத்து தோளில் துண்டோடு பக்கத்தில் நின்றுகொண்டான். சண்டை போட்ட இரண்டு பெரியவர்களும் இப்போது நிதானமாகப் பேசினார்கள். சுரண்டினால் முகம் கெடாது, ஆனால் ஒரு துளி மிச்சமிருந்தாலும் திரும்ப முளைக்கும். வெட்டினால் திரும்ப வராது, ஆனால் தாடையின் முன்பக்கமே போய்விடும். பிறகு இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து அங்கே வைக்கவேண்டும். "இடுப்பு எலும்பையா?" என்று சூசைமுத்து வாய்விட்டே கேட்டுவிட்டான். "ஆமாய்யா, கொஞ்சந்தான். நடக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாது," என்றார் வழுக்கைத் தலைக்காரர்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மிக்கேலம்மாள் வாயைத் திறந்தாள். குழறலான பேச்சு. கடைசி பெஞ்சுவரை கேட்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"இம்புட்டுப் பேரு இருக்கீக. இத அறுத்தவுக எத்தன பேரு?"

டாக்டர் தவசி அதை இங்கிலீஷிலும் சொன்னார். ஒரு கை உயர்ந்தது. இரண்டு. மூன்று, நாலு. அவ்வளவுதான்.

"அறுத்ததுல எத்தன பேரு பொழச்சாக?"

நாலு பேரும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருவர் மூன்று பேருக்குச் செய்திருந்தார், மூவரும் நன்றாக இருந்தார்கள். இன்னொருவர் அறுத்த இரண்டு வீக்கத்தில் ஒன்று திரும்ப முளைத்திருந்தது. வழுக்கைத் தலைக்காரர் நாலு பேருக்குச் செய்து ஒருத்தியை இழந்திருந்தார், அது காய்ச்சலில். நாலாமவர் ஒரே ஒருவருக்குச் செய்திருந்தார், அந்த நோயாளி இன்றைக்கும் ஏர் ஓட்டுகிறார்.

அப்போது மேல் வரிசையில் ஐந்தாவதாக ஒரு கை மெதுவாக உயர்ந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர். தூத்துக்குடிக்காரர், டாக்டர் சவேரியார். அவர் எழுந்து நிற்பதற்குள் பக்கத்தில் இருந்தவர்கள் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானும் ஒருத்திக்குச் செஞ்சிருக்கேன்," என்றார். "இருபது வருஷம் ஆச்சு. வேற ஊர். இதுவரைக்கும் எந்தக் கூட்டத்துலயும் நான் சொன்னதில்ல, எழுதினதும் இல்ல. ஆபரேஷன் நல்லாத்தான் முடிஞ்சது. ரத்தம்கூட அதிகம் போகல. நான் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள பிள்ள நீலமாயிட்டா. மூச்சு இல்ல. ஏன்னு எனக்கு அப்ப விளங்கல. பிறகு பல வருஷம் யோசிச்சுத்தான் விளங்குச்சு. நாக்கு மோவாய் எலும்போட ஒட்டிக்கிட்டிருக்கு. அந்த எலும்ப வெட்டி எடுத்துட்டா நாக்கைப் பிடிச்சு நிறுத்த ஒண்ணும் இல்ல. அது பின்னால சரிஞ்சு தொண்டைய அடைச்சிரும். கட்டி அவளக் கொல்லல, நான்தான் கொன்னேன்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மிக்கேலம்மாளைப் பார்த்துப் பேசினார். "உன்கிட்ட ஆளுக்கொரு கணக்குச் சொன்னாங்க தாயி. அதுல யாரும் தன் கையால ஆன தப்பச் சொல்லல. அதுவும் உனக்குத் தெரியணும்னுதான் எந்திரிச்சேன்."

மிக்கேலம்மாளுக்குப் பயம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அந்தக் கிழவரின் முகத்தில் இருந்த வெட்கம் அவளுக்குப் பழகிய வெட்கமாக இருந்தது. தானும் இதே மாதிரித்தான் ஒன்றை மூடிமூடி வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்த பேச்சு வேறு மாதிரி இருந்தது. இன்னும் இரண்டு பேர் எழுந்து, வேறு ஆபரேஷன்களில் தங்கள் நோயாளிகளுக்கு மூச்சடைத்துப் போனதைச் சொன்னார்கள். ராமலெட்சுமி கரும்பலகைக்குப் போனாள். கழுத்தை வரைந்தாள். ஆபரேஷனுக்கு முன்னாலேயே தொண்டைக்குழிக்குக் கீழே ஒரு துளை போட்டு வெள்ளிக் குழாய் வைத்துவிடவேண்டும், மயக்கமும் அதன் வழியாகத்தான், நாக்கு எப்படிச் சரிந்தாலும் மூச்சுக்குத் தனி வழி இருக்கும் என்றாள். நாக்கு நுனியில் ஒரு நூல் கோத்து, முன்னால் இழுத்துக் கன்னத்தில் ஒட்டிவைக்கலாம் என்றார் டாக்டர் சவேரியார். நரைத்தலைக்காரர் எழுந்து, இந்த அளவு வீக்கத்துக்குச் சுரண்டுவது போதாது, தன் வாதத்தை இந்த ஒரு கேஸுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்றார். இந்தமுறை சிரிப்பு வந்தபோது மிக்கேலம்மாளுக்கும் காரணம் தெரிந்திருந்தது.

"சரி, எங்க செய்றது? மெட்ராஸ்லயா, இங்கயா?" என்று தலைவர் கேட்டார்.

"ராமநாதபுரத்துல," என்றாள் மிக்கேலம்மாள். "இவருதான் அறுக்கணும்." டாக்டர் தவசியைக் காட்டினாள். "தெரியாதுன்னு என்கிட்டச் சொன்னவரு இவரு ஒருத்தருதான்."

டாக்டர் தவசி திடுக்கிட்டார். "நான் தனியாச் செய்ய முடியாதும்மா."

"தனியா ஏன்?" என்றாள் ராமலெட்சுமி. "மயக்க மெஷினை எடுத்துக்கிட்டு இங்கருந்து நான் வர்றேன். ரயில்ல ஏத்திட்டா வந்துரும்."

"நானும் வர்றேன்," என்றார் டாக்டர் சவேரியார். "கத்தி பிடிக்க மாட்டேன். கை நடுங்குது. பக்கத்துல நிக்கிறேன்."

தலைவர் யோசித்தார். பிறகு, வழுக்கைத் தலைக்காரரும் போய் உதவவேண்டும் என்று சங்கத்தின் பேரில் கேட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு அனுமதி கேட்டுக் கடிதமும் தானே எழுதுவதாகச் சொன்னார். அந்தப் பக்கத்துச் சர்ஜன் ஒருவர் ஒருமுறை இதைத் தன் கையால் செய்துவிட்டால், அடுத்து வருகிறவர்கள் மதுரை வரை வரவேண்டியதில்லை என்று எல்லோருக்கும் விளங்கியிருந்தது.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஆபரேஷன். முந்தின நாள் மதியமே பெரிய மரப்பெட்டியில் மயக்க மெஷின் வந்து இறங்கியிருந்தது. ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். அறையில் மிக்கேலம்மாள் மேஜையில் படுத்தபோது ஜன்னலில் நல்ல வெயில். கழுத்தில் மரத்துப்போகிற ஊசி போட்டார்கள். துளை போடுவது அவளுக்குத் தெரிந்தது, வலிக்கவில்லை. குழாய் உள்ளே போனதும் ஒரு இருமல், பிறகு புதிய இடத்திலிருந்து மூச்சு வந்தது. குரல் வரவில்லை. பயந்து கையை நீட்டினாள். ராமலெட்சுமி பிடித்துக்கொண்டாள். "பேச்சு பின்னால வரும். இப்ப மூச்சு மட்டும் விடுங்க." அதுதான் அவள் கடைசியாகக் கேட்டது.

வெளியே சூசைமுத்து வேப்பமரத்தடியில் நின்றான், உட்கார்ந்தான், மறுபடி நின்றான். ஜெபமாலை பத்து முறை செபமாலை சொல்லி முடித்தாள். ஐந்து மணி நேரம் ஆயிற்று. டாக்டர் தவசி வெளியே வந்தபோது அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. "எடுத்தாச்சு. முழுசா எடுத்தாச்சு," என்று மட்டும் சொன்னார். சூசைமுத்து அவர் காலில் விழப்போனான். டாக்டர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தி, அப்படியே அவன் மேல் சாய்ந்துகொண்டார்.

மறுநாள் காலை மிக்கேலம்மாள் கண் விழித்தபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு டாக்டர் சவேரியார் உட்கார்ந்திருந்தார். தாடி முளைத்திருந்தது. அவள் நாக்கிலிருந்து வந்த நூல் கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது. "அசையாதே தாயி. இந்த நூலுக்கு நான்தான் காவல்," என்றார்.

மூன்றாம் நாள்தான் கண்டம் வந்தது. மத்தியானம் திடீரென்று கழுத்துக் குழாயில் சளி அடைத்துக்கொண்டது. மூச்சு ஏறவில்லை, இறங்கவில்லை. மிக்கேலம்மாள் கட்டிலைக் கையால் அறைந்தாள். நர்ஸ் கத்தினாள். டாக்டர் தவசி பக்கத்து வார்டிலிருந்து ஓடிவந்தார். பெரியவர் எழுந்தார், ஆனால் கையை நீட்டவில்லை. "உள்ள இருக்கிற சின்னக் குழாயை உருவு," என்று மட்டும் சொன்னார். தவசி உருவினார். காய்ந்த சளிக்கட்டி ஒன்று கூடவே வந்தது. காற்று விசிலடித்துக்கொண்டு உள்ளே போயிற்று. மிக்கேலம்மாளின் முகத்தில் நிறம் திரும்பியது. டாக்டர் சவேரியார் நாற்காலியில் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்று பாராமல் அழுதார். அன்று சாயங்கால வண்டிக்குத்தான் ஊருக்குக் கிளம்பினார்.

வெட்டி எடுத்ததை மதுரைக்கு அனுப்பிப் பார்த்ததில் புற்று இல்லை என்று பதில் வந்தது. பத்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். துளை தானாக மூடியது. ஆறு மாதம் கழித்து இடுப்பெலும்புத் துண்டையும் வைத்துத் தைத்தார்கள். அதற்கும் ராமலெட்சுமி வந்தாள்.

முகம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. வலது கன்னம் உள்வாங்கியிருந்தது. காதடியிலிருந்து மோவாய்வரை தழும்பு. கீழ்ப்பல் வரிசை இல்லாததால் வெற்றிலை போட முடியாது. ஆனால் முந்தானை இல்லாமல் தெருவில் நடந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

முதல் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு லீமாரோஸ்தான் அவளை அழவைத்துவிட்டாள். வாசலில் வந்து பார்த்த பிள்ளை, வீறிட்டுக் கத்திக்கொண்டு ஜெபமாலையின் பின்னால் ஒளிந்துகொண்டது. "அது எங்கம்மா இல்ல! எங்கம்மாவக் கூட்டியாங்க!" மூன்று நாள் பக்கத்தில் வரவில்லை. நாலாம் நாள் மிக்கேலம்மாள் மீன் அறுத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து வந்து முதுகில் சாய்ந்தது. முகத்தைப் பார்க்காமலே, "வாசனை அம்மாதான்," என்றது.

அடுத்த வருஷக் கூட்டத்தில் டாக்டர் தவசி இதையெல்லாம் ஒரு கட்டுரையாகப் படித்தார். படம் போடலாமா என்று முன்கூட்டியே கேட்டார். "மூடாமப் போடுங்க," என்றாள் மிக்கேலம்மாள். நாக்கு விழுந்த கதையையும், செத்துப்போன அந்தப் பெண்ணையும், டாக்டர் சவேரியாரின் சம்மதத்தோடு அதில் எழுதியிருந்தார். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எங்கெங்கேயோ இருந்து அவருக்குக் கடிதங்கள் வந்தன. அஸ்ஸாமிலிருந்துகூட ஒன்று வந்தது. அங்கே ஒரு டாக்டர் தன்னிடம் இரண்டு பேர் இதே வீக்கத்தோடு இருக்கிறார்கள் என்றும், குழாய் வைக்கிற விதத்தைப் படம் போட்டு அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தார். தவசி படம் போட்டு அனுப்பினார்.

அறுபத்தொன்றாம் வருஷம் பெரியபட்டினத்திலிருந்து ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார்கள். பேர் காலிதா, இருபத்திரண்டு வயது. தாடையில் எலுமிச்சை அளவு வீக்கம். எக்ஸ்ரேயில் அதே சோப்பு நுரை. டாக்டர் சொல்லச் சொல்ல அவள் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். கடைசியில் மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அவளுடைய உம்மா மலிகா என்ன செய்வதென்று தெரியாமல் அழுதாள். டாக்டர் தங்கச்சிமடத்துக்கு ஆள் அனுப்பினார்.

மிக்கேலம்மாள் மறுநாளே ரயிலேறி வந்தாள். வார்டில் காலிதாவின் கட்டிலில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் தாவணியால் முகத்தை மூடியிருந்தாள். மிக்கேலம்மாள் அதைத் தொடவில்லை. தன் சேலையை மட்டும் கழுத்திலிருந்து விலக்கி, தழும்பைக் காட்டினாள்.

"இந்தா பாரு. தொட்டுப் பாரு வேணும்னா."

காலிதா கொஞ்ச நேரம் பார்த்தாள். விரலால் மெதுவாகத் தொட்டாள். "வலிக்குதா?"

"மழை நாளுல இழுக்கும். அம்புட்டுத்தான்."

"பேச முடியுமா, அக்கா?"

"இப்ப பேசிக்கிட்டு இல்லயா நான்? பத்து நாளு பேச முடியாது. சிலேட்டு குடுப்பாக, எழுதிக் காட்டு. நான் எழுத்தறியாதவ, கையால காட்டுனேன். எம் வீட்டு மனுசன், தண்ணி கேட்டா தலகாணியத் தூக்கியாந்தாரு."

காலிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலித்தது போல, உடனே கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். மலிகா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அல்லாதான் உங்கள அனுப்புனான்," என்றாள்.

"தாடை முழுசா எடுக்கணுமா எனக்கும்?"

"உனக்குச் சின்னதுன்னு சொல்லுறாரு. முன்னாடி எலும்பு தப்பிருமாம். நாலு வருஷம் கழிச்சு வந்திருந்தா என்னயப் போல ஆகியிருக்கும். நீ சீக்கிரம் வந்துட்ட, அதுதான்."

காலிதா மிக்கேலம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "நீங்க இருப்பீகளா?" என்று கேட்டாள்.

"இருக்கேன்."

ஆபரேஷனுக்கு இந்த முறை மதுரையிலிருந்து யாரும் வரவேண்டியிருக்கவில்லை. ராமலெட்சுமியிடம் மூன்று மாதம் போய்ப் பழகிவந்த ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவரே மயக்கம் கொடுத்தார். டாக்டர் தவசி இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டார். மிக்கேலம்மாளும் மலிகாவும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். மலிகா பெரியபட்டினத்து வீட்டிலிருந்து கொண்டுவந்த இடியப்பத்தைப் பிரித்து, தேங்காய்ப்பால் ஊற்றி நன்றாகக் குழைத்து, மெல்லத் தேவையில்லாதபடி செய்து நீட்டினாள். மிக்கேலம்மாள் வாங்கி, தெருவைப் பார்த்து உட்கார்ந்து தின்றாள்.

உள்ளேயிருந்து நர்ஸ் வந்து, பிள்ளை கண்ணை முழித்துவிட்டாள், சிலேட்டில் எழுதித் தண்ணி கேட்கிறாள் என்றாள்.